தாய்க் குத்தின் வயது

காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரம் என்ற கணக்கிலிருந்து நீக்கி 2017இல் வனச் சட்டத்தைத் திருத்தினார்கள். நல்லது. ஆனால் நடப்போகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது கன்றின் வயது. பெரும்பாலான மூங்கில் ஆயுளில் ஒரே முறைதான் பூக்கும். பூத்ததும், கழிகள் கூட்டமாக நிற்கும் அந்தக் குத்து மொத்தமும் காய்ந்துவிடும். முள் மூங்கிலுக்கு அது ஏறத்தாழ 40 ஆண்டுக் கணக்கு. 30 வயதுக் குத்திலிருந்து எடுத்த கழிக் கன்றானாலும் திசு வளர்ப்புக் கன்றானாலும், தாயின் வயதையும் சேர்த்தே சுமந்து வரும். போட்ட முதலை எடுத்து நிமிரும் நேரத்தில் தோப்பே பூத்துப் பட்டுப்போகலாம். நர்சரி விளம்பரங்களில் ஏக்கருக்கு இத்தனை லட்சம் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். இந்த வயது மட்டும் இருக்காது. கோவையில் வன மரபியல் நிறுவனமும் மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரியும் இருக்கிற மாநிலத்தில், தாய்க் குத்துகளுக்கு ஒரு பதிவேடு வைத்து, அதில் இல்லாத கன்றை விற்கக் கூடாது என்று சொல்வது முடியாத காரியமா என்ன? வெட்டும் பருவமும் அப்படித்தான். மாவுச்சத்து மிகுந்திருக்கும்போது வெட்டிய கழியைத் துளைப்பான் வண்டு சில மாதங்களில் பொடியாக்கிவிடும். எந்த வட்டாரத்தில் எந்த மாதம் வெட்டலாம் என்பதை அரசு ஒரு துண்டறிக்கையாக அடித்துக் கொடுக்கட்டும். மானியமெல்லாம் அப்புறம்.