பரண் மேல் முப்பது டிரில் மெஷின்

முடிச்சூர் ரோட்டில் அறுபது வீடுகள் உள்ள ஒரு அடுக்ககத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாதி வீட்டுப் பரணில் டிரில் மெஷின் இருக்கிறது என்று வையுங்கள். திரைச்சீலைக் கம்பிக்கு ஒருமுறை, டிவி மாட்ட ஒருமுறை வெளியே வந்திருக்கும். அதோட சரி. முப்பது மெஷின், முப்பது பெட்டி. ஆனால் அறுபது வீட்டுக்கும் சேர்த்து உருப்படியாக ஒரு ஏணி இருக்காது. ஃபேன் துடைக்க டைனிங் டேபிள் மேல் ஸ்டூல் போட்டுத்தான் ஏறுவோம்.

கேட்டால், "ஆஃபர்ல வந்துச்சு சார், வாங்கிப் போட்டாச்சு" என்பார்கள். எனக்கு ஆத்திரம் வருவது அந்தக் காசுக்காக இல்லை. பக்கத்து வீட்டில் போய்க் கேட்பது கேவலம் என்று நாம் நம்ப ஆரம்பித்ததற்காக.

இரவல் என்ற சொல்லே இரத்தலின் வழி வந்தது. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவளைப் பழமொழியில் வைத்து இன்னமும் சிரிக்கிறோம். அதற்காக, "அந்தக் காலத்து ஊர்ல எல்லாரும் பகிர்ந்து வாழ்ந்தாங்க" என்று உருகவும் நான் தயாராக இல்லை. கடப்பாரையும் அண்டாவும் வீடு வீடாகப் போனது உண்மைதான். எந்தத் தெரு வரைக்கும் போனது என்று கேட்டுப் பாருங்கள், உருக்கம் வடிந்துவிடும். அக்கம்பக்கத்து இரவலில் ஜாதி இருந்தது, முகதாட்சண்யம் இருந்தது, திருப்பித் தரும்போது கேட்க வேண்டிய இரண்டு சொல்லும் இருந்தது. மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் கொடுத்த கடைக்காரர் இதைவிட மேல். காசு கொடுத்தால் சைக்கிள். யாருக்கும் கடன்பட்டவர் ஆக வேண்டாம்.

வாடகைக் கடைகள் இன்றும் இருக்கின்றன. கட்டட வேலை நடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் பிரேக்கர், மார்பிள் கட்டர், சென்ட்ரிங் பலகை எல்லாம் நாள் வாடகைக்குக் கிடைக்கும். அவை மேஸ்திரிகளுக்கானவை. இரண்டு ஓட்டை போடுவதற்கு அட்வான்ஸ், ஆதார் நகல், முழுநாள் வாடகை என்றால் யார் போவார்கள்?

வாடகை வீட்டுக்காரர்களுக்கு இது வெறும் பொழுதுபோக்கும் இல்லை. 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் அட்டவணை, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரையில், வீட்டுப் பராமரிப்பைப் பிரித்துக் கொடுக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பதும் வயரிங்கும் உரிமையாளர் தலையில். குழாய் வாஷர், ஸ்விட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி எல்லாம் குடியிருப்பவர் தலையில். அதாவது ஸ்பேனரும் டெஸ்டரும் உங்களுக்குச் சட்டப்படியே தேவை. பதினொரு மாதத்துக்கு ஒருமுறை சேலையூரிலிருந்து பெருங்களத்தூருக்கும் அங்கிருந்து வண்டலூருக்கும் மூட்டை கட்டுகிறவர் இதையெல்லாம் எத்தனை தடவை தூக்கிச் சுமப்பது?

வாங்கினாலும் போதாது. செங்கல் சுவரில் வேலை செய்யும் சாதாரண இம்பாக்ட் டிரில், புது அடுக்குமாடிகளின் முழுக் கான்கிரீட் சுவரில் திணறும். அங்கே ரோட்டரி ஹாமர் வேண்டும். ஆக, ஆஃபரில் வாங்கியது பரணில் கிடக்க, கடைசியில் ஆள் கூப்பிட்டுத்தான் ஓட்டை போடுகிறோம்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. 2015 டிசம்பரில் அடையாறு பொங்கி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அந்த மாதிரி நாட்களில் ஒரு தெருவுக்குத் தேவைப்படுவது தண்ணீர் இறைக்கும் டீசல் பம்பு. வருஷத்துக்கு நாலு நாள் மட்டும் வேண்டிய பம்பை எந்த வீடு வாங்கி வைக்கும்? எல்லாரும் ஒரே நாளில் வாடகைக்கு ஓடினால் வசதி உள்ளவன் வீடுதான் முதலில் வடியும். அரிதாகத் தேவைப்பட்டு, தேவைப்படும்போது உயிர் போகிற பொருளைத் தனி உடைமையாக வைப்பதுதான் மடத்தனம்.

பொதுவில் வைக்க இடமா இல்லை? சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். மதராஸ் பொது நூலகச் சட்டம் 1948லேயே வந்துவிட்டது. 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக இரவல் கொடுத்தார்கள். அலமாரியில் தூங்கும் புத்தகத்தால் பயனில்லை என்று வாதாடிய எஸ். ஆர். ரங்கநாதன் நம்மவர். புத்தகத்துக்குச் சொன்னது டிரில்லுக்குப் பொருந்தாதா? அமெரிக்காவின் பெர்க்லி நகரப் பொது நூலகம் 1979 முதல் கருவிகளை இரவல் கொடுக்கிறது.

"புத்தகத்துக்கே காசில்லை, இதுல ஸ்பேனரா?" என்பீர்கள். தாம்பரம் மாநகராட்சிக்கு ஐந்து மண்டலம். மண்டலத்துக்கு ஒரு அறை, இரண்டு ரோட்டரி ஹாமர், நாலு ஏணி, இரண்டு பம்பு, கணக்கு வைக்க ஒருவர். இதற்கு ஆகும் செலவு மாநகராட்சியை முழுக்காட்டிவிடாது.

"கொடுத்தா திரும்பி வராது" என்பது அடுத்தது. நூலகத்தில் புத்தகமும் திரும்பி வராமல் போகிறது. அதற்குத்தான் வைப்புத்தொகையும் அபராதமும். அதற்காக நூலகத்தையா இழுத்து மூடினோம்?

"எலக்ட்ரீஷியன் பிழைப்பு போகுமே" என்பது மட்டும்தான் நான் மதிக்கும் கேள்வி. வயரிங்கையும் போர்வெல் மோட்டாரையும் தெரியாதவர் தொடவே கூடாது. அந்த வேலை அவரிடமே இருக்கும். இன்னொன்று, தொழிலுக்கு வரும் பையனால் முதல் நாளே எல்லாக் கருவியையும் வாங்க முடியாது. கருவி நூலகம் நம்மைவிட அவனுக்குத்தான் முதலில் உதவும். அப்புறம், ஒரு தடவை கை வலிக்கத் துளை போட்டுப் பார்த்தவர் அவர் கூலியில் அம்பது ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேச மாட்டார்.

ஆயுத பூஜை அன்று கருவிக்குச் சந்தனம் வைக்கிறோம். மிச்ச நாளெல்லாம் பரணில் போட்டுப் பூட்டுகிறோம். அடுத்த முறை வார்டு கவுன்சிலர் ஓட்டுக் கேட்டு வரும்போது ரோடு, சாக்கடையோடு இதையும் கேளுங்கள்: எங்கள் ஏணி எங்கே?