கலப்பில்லாத கோழி என்னும் கற்பனை

புறக்கடைக் கோழி வளர்ப்பில், அதாவது கூண்டில் அடைக்காமல் வீட்டுக் கொல்லையில் மேயவிட்டு வளர்க்கும் முறையில், இன்று கேள்வியின்றி ஏற்கப்படும் நம்பிக்கை ஒன்று உண்டு: கலப்பில்லாத நாட்டுக்கோழியே நோய் தாங்கும், ருசி தரும், நல்ல விலைக்குப் போகும், வேற்றுச் சேவல் ஒருமுறை மிதித்துவிட்டாலும் அந்த வம்சம் கெட்டுவிடும். குஞ்சு விற்போரின் விளம்பரங்களில் ‘ஒரிஜினல்’ என்ற சொல்லும் ‘கலப்பு கிடையாது’ என்ற உறுதிமொழியும் தவறாமல் இடம்பெறுகின்றன. அவற்றுக்கேற்ப விலையும் ஏறுகிறது. அந்தக் கூடுதல் விலைக்கு ஈடாக வாங்குபவரின் கொல்லைக்கு வந்து சேர்வது என்ன என்பதை மட்டும் எவரும் கேட்பதாகத் தெரியவில்லை.

முதற்குழப்பம் சொல்லில் இருக்கிறது. கால்நடை அறிவியலில் இனம் என்பது, பல தலைமுறைகளாகத் தனக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்யப்பட்டு, தாய் தந்தையின் வடிவமும் குணமும் குஞ்சுகளில் மாறாமல் வெளிப்படும் ஒரு கூட்டத்தைக் குறிக்கும். அசில், கடக்நாத் போன்றவை இந்தப் பொருளில் இனங்கள். கிராமத்துத் தெருவில் கிளறித் திரியும் கோழி அப்படிப்பட்டதன்று. ஒரே தாயின் அடையில் பொரிந்த குஞ்சுகளில் ஒன்று கருப்பாகவும், ஒன்று செம்பழுப்பாகவும், மற்றொன்று கழுத்தில் இறகே இல்லாமலும் வளர்வதைக் காணாத கிராமம் இல்லை. சிறுவிடை, பெருவிடை என்ற வழக்குப் பெயர்களும் பெரும்பாலும் உடலளவைச் சுட்டப் பிறந்தவை. நாட்டுக்கோழி என்பது ஊருக்கு ஊர் கலந்துகொண்டே வந்த ஒரு திரளின் பெயர் என்றால், கலப்பில்லாத நாட்டுக்கோழி என்னும் தொடர் தன்னைத்தானே மறுத்துக்கொள்கிறது.

இந்தக் கலப்பு நேற்று நிகழ்ந்ததும் அன்று. வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை தென்கிழக்காசியக் காடுகளைச் சேர்ந்த சிவப்புக் காட்டுக்கோழி என்பது உறுதிப்பட்ட செய்தி. ஆனால் 2008இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று, கோழிகளின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு அந்த மூதாதையிடமிருந்து வரவில்லை என்றும், மேற்குத் தொடர்ச்சி மலையிலும் தென்னிந்தியக் காடுகளிலும் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்தே வந்திருக்க வேண்டும் என்றும் காட்டியது. சந்தையில் காலைக் கட்டித் தலைகீழாகத் தூக்கிப் பார்க்கும்போது முதலில் கண்ணில் படும் அந்த மஞ்சள் கால், இரண்டு வேறு சிற்றினங்கள் கூடியதன் அடையாளம். மேலைநாட்டார் தூய இனமென்று போற்றிக் கண்காட்சிகளில் பரிசளிக்கும் கருப்பு ஆர்ப்பிங்டன் கோழியும் 1886இல் இங்கிலாந்தில் மினார்க்கா, லாங்ஷான், பிளிமத் ராக் ஆகிய மூன்றையும் கலந்து உருவாக்கப்பட்டதுதான். கலந்த பின் கதவைச் சாத்தி, சாத்திய நாளிலிருந்து தூய்மையைக் கணக்கிடுவதே இத்துறையின் வழக்கம். நாட்டுக்கோழிப் பற்றாளர்கள் வெறுத்து ஒதுக்கும் பிராய்லரின் தந்தைவழியில் நிற்கும் கார்னிஷ் இனம், இந்தியாவிலிருந்து கப்பலேறிய அசிலின் இரத்தத்தைச் சுமப்பது என்பதையும் இங்கே நினைவூட்டலாம்.

பெயரைப் பற்றிய பிழையாக மட்டும் இருந்தால் இந்த நம்பிக்கையைப் பொறுத்துக்கொள்ளலாம். கொல்லையில் அது விளைவிக்கும் கேடுதான் பெரிது. ஒரு சேவலும் பத்துப் பெட்டையும் வாங்கி, கலப்பு நேராதபடி வேலியடைத்து, அவற்றின் குஞ்சுகளையே மறுபடி ஜோடி சேர்க்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பதினொரு பறவைகள் இருந்தாலும் அடுத்த தலைமுறையின் பாதி மரபு அந்த ஒற்றைச் சேவலிடமிருந்தே வருவதால், மரபியல் கணக்கில் அந்த மந்தை ஏறத்தாழ நான்கு பறவைகளுக்கு மட்டுமே சமம். இதனால் உட்கலப்பு, அதாவது நெருங்கிய உறவுகளுக்குள் நிகழும் இனச்சேர்க்கையால் ஒரே மரபணு இரு வழியாகவும் வந்து ஒரே பறவையில் சேரும் நிலை, தலைமுறைக்குச் சுமார் 14 விழுக்காடு வீதம் ஏறுகிறது. ஒரே தந்தைக்கு வெவ்வேறு தாய்களிடம் பிறந்தவை தமக்குள் கூடினால் குஞ்சுக்கு நேர்வது 12.5 விழுக்காடு என்பதோடு இதை ஒப்பிடலாம். பெட்டைகளை இருபதாக்கினாலும் அந்த 14 ஏறக்குறைய 13 ஆகிறது, அவ்வளவுதான். பெட்டை பத்தாகவே இருக்க, உறவில்லாத இன்னொரு சேவலைச் சேர்த்தால் ஏழரையாக இறங்கிவிடுகிறது.

இதன் விளைவு முதலில் அடைக்கூடையில் தெரியும். கூடையில் மணலோ தவிடோ பரப்பி, இரும்புத் துண்டும் காய்ந்த மிளகாயும் கரியும் போட்டு, பன்னிரண்டு முட்டை வைத்து, இருபத்தொரு நாள் காத்திருந்தால் நான்கைந்து முட்டைகள் பொரியாமல் கிடக்கும். உடைத்துப் பார்த்தால் பாதி வளர்ந்து செத்த கருவோ, ஓட்டைக் கொத்த வலுவில்லாத குஞ்சோ இருக்கும். இடிச் சத்தம், நாள் நட்சத்திரம், கோழியின் ராசி என்று காரணங்கள் தேடப்படுகின்றன. வெப்பமும் ஈரப்பதமும் காரணமாக இருப்பது உண்டென்றாலும், மூன்று தலைமுறையாக மாறாத சேவலின் மீது மட்டும் சந்தேகம் விழுவதில்லை. அது ‘சுத்தமான’ சேவலாயிற்றே.

நோய் எதிர்ப்பு பற்றிய பெருமிதத்திற்கும் ஆதாரம் வலுவாக இல்லை. மேய்ச்சலுக்கும் வெயிலுக்கும் நாட்டுக்கோழி நன்கு பழகியது என்பது உண்மை. ஆயினும் வெள்ளைக்கழிச்சல் என்று ஊரார் சொல்லும் ராணிக்கேத் நோய் வந்தால் தெருக்கோழிகள் கொத்துக் கொத்தாகச் சாகின்றன. குஞ்சுப் பருவத்தில் இடும் சொட்டு மருந்தும் எட்டாம் வாரத்துத் தடுப்பூசியும் செய்யும் வேலையை வம்சப்பெயர் செய்துவிடாது.

தூய்மையை வாங்குபவரால் சரிபார்க்கவும் முடிவதில்லை. பழுப்பு ஓடு நாட்டு முட்டையின் முத்திரை என்று நம்பப்படுகிறது; ஆனால் பண்ணைகளுக்கென்றே உருவாக்கப்பட்ட, ரோட் ஐலண்ட் ரெட் வழிவந்த முட்டைக் கோழிகளும் பழுப்பு முட்டையே இடுகின்றன. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவாக் கடக்நாத் என்னும் கருங்கோழியின் இறைச்சிக்கு 2018இல் புவிசார் குறியீடு கிடைத்த பின் கருங்கோழி மோகம் பெருகியது. அந்தக் கருமைக்குக் காரணமான மரபணு ஓங்கு தன்மை உடையது, அதாவது தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தாலும் வெளிப்படக் கூடியது. எனவே கலப்புக் குஞ்சிலும் கருமை தோன்றலாம். கண்ணால் உறுதிசெய்ய முடியாத ஒன்றுக்குக் கொடுக்கப்படும் விலையை விற்பவரின் வாய்ச்சொல்லுக்குக் கொடுத்த விலையென்றே கொள்ள வேண்டும்.

கலப்பெல்லாம் நன்மை என்பதும் இதற்கு விடையாகாது. இசட்நகரில் உள்ள மத்தியப் பறவை ஆராய்ச்சி நிறுவனம் அசிலைக் கொண்டு காரி நிர்பீக்கையும் கடக்நாத்தைக் கொண்டு காரி சியாமாவையும் உருவாக்கியது. நல்ல பராமரிப்பில் ஆண்டுக்கு 200 முட்டையை ஒட்டி இடும் இவற்றின் திறனில், வேறுபட்ட இரு வழிகள் சேரும்போது எழும் கலப்பின வீரியத்திற்குப் பங்குண்டு. அந்த வீரியம் முதல் தலைமுறைக்கு உரியது. கலப்புக் குஞ்சுகளையே தமக்குள் சேர்த்தால் அடுத்த தலைமுறையில் கோட்பாட்டின்படி பாதியாகிவிடும். மேலும், முட்டை எண்ணிக்கைக்காகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய வழிகளில் அடைகாக்கும் குணம் மங்கிவிடுவதால், கருவிப் பொரிப்பான் இல்லாத வீடு ஒவ்வொரு முறையும் குஞ்சை விலைக்கு வாங்க நேரிடும். கலப்பதற்கே வேறுபட்ட இனங்கள் வேண்டுமாதலால் அசிலையும் கடக்நாத்தையும் கலப்பின்றிக் காப்பதும் தேவையே. அதைப் பல சேவல்களும் பதிவேடும் வைத்து நடத்தும் நிலையங்கள் செய்ய வேண்டும். பத்துக் கோழி வளர்க்கும் குடும்பத்தின் தலையில் அந்தப் பொறுப்பைச் சுமத்துவது அநியாயம்.

கிராமத்துப் பழக்கம் இந்தச் சிக்கலைப் பெயர் வைக்காமலே தீர்த்து வந்தது. பெட்டையை இன்னொரு வீட்டில் வாரத்துக்கு விட்டு, வளர்ந்த குஞ்சுகளில் பாதியைத் திரும்பப் பெறுவார்கள். தாய் வீட்டுக்குப் போன பெண் இரண்டு விடைக்கோழிகளோடு திரும்புவாள். சந்தையில் வாங்கிய சேவல் யாருடைய கொல்லையில் பிறந்தது என்று ஒருவரும் விசாரித்ததில்லை. வேலிக்கு அப்பால் கூவும் பக்கத்துத் தெருச் சேவலை இன்று கல்லெறிந்து விரட்டுபவர், பணம் கொடுத்தும் கிடைக்காத புது இரத்தத்தையே விரட்டுகிறார்.