"விசிட்ல போங்க, அங்க மாத்திக்கலாம்!"

"விசிட்ல போங்க தம்பி. அங்க போய் வேலை விசாவா மாத்திக்கலாம். ஒரே மாசம்தான்."

எர்ணாவூரில் ஒரு வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஏஜென்ட் ஒருவர் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்டுக்கொண்டிருப்பவர் 26 வயது வெல்டர். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவர். எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் பட்டறை பட்டறையாக நின்று தொழில் கற்றவர். கதவோரம் நிற்கும் அம்மாவின் கையில், அடகுக் கடைக்குப் போகக் காத்திருக்கும் வளையல்கள். ஏஜென்ட் கேட்பது ஒன்றரை லட்சம்.

"அங்க மாத்திக்கலாம்னா சரிதானேப்பா?" என்று அம்மா மகனின் முகத்தைப் பார்க்கிறார்.

வளையல் கைமாறுவதற்கு முன்பு, அந்த "மாத்திக்கலாம்" என்ற ஒரு சொல்லுக்குள் என்னவெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று அந்த வீடு தெரிந்துகொள்வது நல்லது.

விண்ணப்பம் இங்கே, சட்டம் அங்கே

விசா விண்ணப்பத்தைச் சென்னையில் உட்கார்ந்து நிரப்பினாலும், அதை முடிவு செய்வது போகப்போகும் நாட்டின் சட்டம்தான். அந்த நாட்டின் வாசலுக்கு வெளியே நிற்பவருக்கு, உள்ளே இருப்பவருக்குக் கிடைக்கும் உரிமைகள் பெரும்பாலும் கிடையாது. யாரை, எதற்காக, எத்தனை நாளுக்கு உள்ளே விடுவது என்பது அந்த நாட்டின் விருப்பம்.

ராயபுரத்திலிருந்து கப்பல் வேலைக்குப் போகும் பையன்களுக்கு இது நன்றாகத் தெரியும். அமெரிக்கத் துறைமுகத்தைத் தொடும் கப்பல் என்றால் சி1/டி விசா கேட்பார்கள். அதற்காக ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு நிற்க வேண்டும். அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு, தற்காலிக விசா கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலானவர்களை 'இவர் அங்கேயே தங்கிவிட நினைக்கிறார்' என்றே முதலில் எடுத்துக்கொள்கிறது. அப்படி இல்லை என்று காட்ட வேண்டியது விண்ணப்பித்தவரின் பொறுப்பு. அந்தப் பிரிவில் மறுத்துவிட்டால் மேல்முறையீடு இல்லை. மறுபடி பணம் கட்டி, மறுபடி விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான்.

அமெரிக்கக் குடிமக்களின் குடும்பத்துக்கே இதே கதைதான். சாண்ட்ரா முனோஸ் என்ற அமெரிக்க வழக்கறிஞரின் கணவர் எல் சால்வடோர் நாட்டுக்காரர். அங்குள்ள தூதரகத்தில் அவருக்கு விசா மறுக்கப்பட்டது. மனைவி உச்ச நீதிமன்றம் வரை போனார். வெளிநாட்டிலிருக்கும் கணவரை நாட்டுக்குள் அழைத்துக்கொள்வது குடிமகளின் அடிப்படை உரிமை ஆகாது என்று 2024 ஜூனில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவில் கொஞ்சம் பரவாயில்லை. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு. ஆனால் அந்த மேல்முறையீடும் மறுத்த நாட்டில்தான் நடக்கும்.

வெல்டர் போக நினைக்கும் வளைகுடாவிலும் இந்த அடிப்படை மாறாது. அங்கே வேலை விசா, வேலை கொடுப்பவரிடமிருந்து தொடங்குகிறது. அவர் தன் நாட்டு அரசிடம் அனுமதி வாங்கிய பிறகுதான் இங்கிருப்பவருக்கு விசா வரும். ஏஜென்ட்டால் விசா 'போட' முடியாது. வந்த விசாவைக் கொண்டுவந்து கொடுக்கத்தான் முடியும்.

பாஸ்போர்ட்டில் ஒரு ஈ.சி.ஆர்.

சென்னையில் ஈ.சி.ஆர். என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலை. பாஸ்போர்ட்டில் அதற்கு வேறு அர்த்தம். 'குடிபெயர்வுச் சோதனை தேவை' என்று பொருள். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் இது இருக்கும். நம் வெல்டருக்கும் உண்டு.

பலர் இதை ஒரு குறையாக நினைக்கிறார்கள். உண்மையில் இது ஒரு காவல். 1983-ம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் வைத்திருப்பவர் சவுதி, ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால், 'குடிபெயர்வோர் பாதுகாவலர்' என்ற மத்திய அரசு அதிகாரியின் அனுமதி வேண்டும். அவரது அலுவலகம் சென்னையிலும் இருக்கிறது. விண்ணப்பம் இ-மைகிரேட் என்ற அரசுத் தளத்தின் வழியாகப் போகும். வேலை கொடுப்பவர் யார், என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்ற விவரமும் வேலை ஒப்பந்தமும் அதில் பதிவாகும்.

கூடவே, பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு கட்டாயம். இரண்டு ஆண்டுகளுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுகளுக்கு 375 ரூபாய்தான். விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

விசிட் விசாவில் போகிறவருக்கு இதில் ஒன்றும் இல்லை. அவர் இந்திய அரசின் கணக்கில் ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர். ஒப்பந்தம் பதிவில்லை, காப்பீடு இல்லை, முதலாளி யார் என்றே இங்கே எந்த ஏட்டிலும் இல்லை. ஏஜென்ட்டுக்கு விசிட் பிடித்திருப்பதற்குக் காரணமும் அதுதான்.

பெண்கள் விஷயத்தில் இது இன்னும் கூர்மை. ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெண்ணுக்கு 30 வயது ஆகாவிட்டால், இந்த 18 நாடுகளில் வேலைக்குப் போக அனுமதி கிடையாது. 30 தாண்டியவர்களையும் வீட்டு வேலை போன்றவற்றுக்கு அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் அனுப்பலாம். தமிழ்நாட்டில் அது கிண்டியில் இருக்கும் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். "அதெல்லாம் லேட்டாகும்கா, விசிட்ல ஏத்திடறேன்" என்று ஒருவர் சொன்னால், அந்தக் காவலைத் தாண்டிக் கூட்டிப்போகிறார் என்று புரிந்துகொள்ள வேண்டும்.

அங்கே இறங்கிய பிறகு?

'மாத்திக்கலாம்' முழுப் பொய்யும் இல்லை. அதனால்தான் எடுபடுகிறது. அமீரகத்தில், விசிட்டில் போனவருக்கு ஒரு நிறுவனம் முறையாக வேலை அனுமதி எடுத்தால், உள்ளே இருந்தபடியே மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. அமீரகத்திலும், அனுமதி கையில் வரும்வரை ஒருநாள்கூட வேலை செய்யக் கூடாது. அனுமதியில்லாத ஆளை வேலைக்கு வைத்தால் ஒரு லட்சம் திர்ஹாம் முதல் 10 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் என்று 2024-ல் அங்கே சட்டத்தைக் கடுமையாக்கினார்கள்.

அபராதம் முதலாளிக்குத்தான். ஆனால் மாட்டிக்கொண்டால் தொழிலாளியும் நாடு கடத்தப்படலாம். சம்பளம் பாக்கி என்று புகார் கொடுக்கவும் கால் தயங்கும். புகாரில் முதல் கேள்வியே 'எந்த விசாவில் வேலை செய்தாய்?' என்பதாக இருக்கும். விசிட் நாள் முடிந்துவிட்டால் தினமும் அபராதம் ஏறும்.

2022 அக்டோபரில், மியான்மரின் மியாவாடியிலிருந்து மீட்கப்பட்ட தமிழர்கள் 13 பேர் சென்னை வந்து இறங்கினார்கள். தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போனவர்கள். எல்லை தாண்டிக் கொண்டுபோய் இணைய மோசடி வேலையில் தள்ளப்பட்டார்கள். படித்தவர்களும் ஏமாறும் இடம் இது.

அம்மா கேட்க வேண்டிய கேள்விகள்

எர்ணாவூர் வீட்டுக்கே திரும்புவோம். வளையலைக் கொடுக்கும் முன்பு அந்த அம்மா சில கேள்விகளைக் கேட்கலாம்.

"உங்க பதிவு எண் என்னங்க?" வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க மத்திய அரசின் பதிவுச் சான்று வேண்டும். உண்மையா, காலாவதி ஆகிவிட்டதா என்று இ-மைகிரேட் தளத்தில் போனிலேயே பார்க்கலாம். 'பெரிய ஏஜென்ட்டுக்கு நான் ஆள் பிடிச்சுக் குடுக்கறேன்' என்கிற சப்-ஏஜென்ட்டுக்குச் சட்டத்தில் இடமில்லை.

"சர்வீஸ் சார்ஜ் எவ்வளவுங்க? ரசீது தருவீங்களா?" பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கலாம் என்று விதி சொல்லும் உச்சவரம்பு 30,000 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400. ஒன்றரை லட்சம் கேட்பவர் அந்த இடத்திலேயே விதியை மீறுகிறார். அமீரகத்தின் தொழிலாளர் சட்டமும், ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது என்கிறது.

"விசாவுல என்ன வேலைன்னு போட்டிருக்கு?" வெல்டருக்கு வெல்டர் என்றுதான் வர வேண்டும். ஆஃபர் லெட்டரில் இருக்கும் சம்பளமும் ஒப்பந்தத்தில் இருக்கும் சம்பளமும் ஒன்றாக இருக்க வேண்டும். அமீரக ஆஃபர் லெட்டரைத் தமிழிலேயே கேட்கலாம். அரசு அனுமதித்த மொழிகளில் தமிழும் ஒன்று.

மெடிக்கலையும் முதலிலேயே யோசிக்க வேண்டும். வளைகுடா நாடுகளின் வேலை விசாவுக்கு, அவர்கள் அங்கீகரித்த மையத்தில் நெஞ்சு எக்ஸ்-ரே, ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள். 'அன்ஃபிட்' என்று வந்துவிட்டால் விசா நின்றுவிடும். அதற்கு முன்பே முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

ஏற்கெனவே விசிட்டில் போய் மாட்டிக்கொண்ட பிள்ளைகளின் வீட்டார், வெட்கப்பட்டுக்கொண்டு பேசாமல் இருக்கக் கூடாது. வெளியுறவு அமைச்சகத்தின் மதாத் தளத்திலும், அந்த நாட்டு இந்தியத் தூதரகத்திலும், தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறையிலும் முறையிடலாம். பாஸ்போர்ட் நகல், விசா நகல், பணம் கொடுத்த ஆதாரம் ஆகிய மூன்றும் வீட்டில் ஒரு செட் இருந்தால் வேலை சீக்கிரம் நடக்கும்.

இந்தக் கேள்விகளுக்கு அந்த ஏஜென்ட் பதில் சொல்லாமல், "உங்களுக்கு நம்பிக்கை இல்லைன்னா விட்டுடுங்கம்மா, க்யூவுல வேற பையன் இருக்கான்" என்று எழுந்தால், எழட்டும். வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வளையலைத் திரும்பக் கையில் போட்டுக்கொள்ளலாம். வேலை விசா வர மூன்று மாதம் ஆனாலும் பரவாயில்லை. வெல்டருக்கு அதுவரை திருவொற்றியூரில் பட்டறை இருக்கிறது.