மிரட்டியவர் யார்?

ஆங்கிலத்திலே ஒரு சொல் உண்டு தோழர்களே, 'இன்டிமிடேட்' என்று. இலத்தீன் மொழியில் 'டிமிடஸ்' என்றால் அஞ்சியவன். அதிலிருந்து பிறந்தது இச்சொல். இருட்டிலே பூனை பாய்ந்தால் திடுக்கிடுகிறோம். அது வெறும் பயம். 'இதைச் செய்தாயோ, தெரியும் சேதி!' என்று கண்ணை உருட்டுகிறானே ஒருவன், அதுதான் இன்டிமிடேட். பணிய வைப்பதற்காகவே பயமூட்டுவது. மிரட்டல் என்போம் நாம்.

இங்கிலாந்து நாட்டுச் சட்டத்திலே இந்தச் சொல் 1825லேயே ஏறிவிட்டது, 1871லும் இடம்பெற்றது. எவர் மீதும் பாயலாம் என்பதுதான் எழுத்து. பாய்ந்தது யார் மீது? பாட்டாளி மீது! 'நாளை முதல் உனக்கு வேலையில்லை' என்று முதலாளி உறுமினால் அதற்குப் பெயர் நோட்டீசு. 'அவன் வயலில் இறங்காதே' என்று கூலிக்காரன் மனைவி கூறினால் அது குற்றம்!

கற்பனையன்று. 1873ஆம் ஆண்டு மே திங்கள். ஆக்ஸ்போர்டுஷயரில் ஆஸ்காட் எனும் சிற்றூர். சங்கத்து உழவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ய, வெளியூர் ஆட்களை வரவழைத்தார் பண்ணையார். ஊர்ப் பெண்கள் வழிமறித்தனர். 1871ஆம் ஆண்டுச் சட்டம் சீறிற்று. 16 பெண்களுக்குக் கடுங்காவல்! சிலருக்கு 7 நாள், சிலருக்கு 10 நாள். கைக்குழந்தையோடு சிறை புகுந்த தாய்மாரும் உண்டு. தீர்ப்பளித்த நீதிபதிகள் இருவரும் யார் தெரியுமா? அன்பைப் போதிக்கும் பாதிரிமார்! அன்றிரவு சிப்பிங் நார்ட்டன் நகரம் கொதித்தெழுந்தது.

1875இல் அந்தச் சட்டம் போயிற்று, சொல் போகவில்லை. புதிய சட்டத்தின் 7ஆம் பிரிவிலே போய் அமர்ந்துகொண்டது. ஆனாலும் 1891இல், வன்முறை காட்டி அச்சுறுத்தாமல் 'வேலைநிறுத்தம் செய்வோம்' என்று மட்டும் சொல்வது அப்பிரிவின்படி மிரட்டல் ஆகாது என்று நீதிமன்றம் கூறிற்று. நிம்மதி என்று எண்ணினர் தொழிலாளர்.

வந்தது 1964. ரூக்ஸ் எதிர் பர்னார்டு வழக்கு. சங்கத்தை விட்டு விலகிய வரைவாளர் ஒருவரை நீக்காவிட்டால் வேலையை நிறுத்துவோம் என்று விமான நிறுவனத்திடம் சங்கத்தார் கூறினர். அவருக்கு வேலை போயிற்று. அவர் பட்ட துன்பத்தை நான் எள்ளவில்லை. தனி மனிதன் வயிறும் வயிறுதான். ஆனால் பிரபுக்கள் சபை என்ன சொல்லிற்று? ஒப்பந்தத்தை மீறி வேலையை நிறுத்துவோம் என்று எச்சரிப்பதே மிரட்டல், இழப்பீடு தரவேண்டியதே என்றது! 73 ஆண்டு நிம்மதி ஒரே நாளில் ஆட்டம் கண்டது. சங்கங்கள் குமுறின. அடுத்த ஆண்டே, 1965இல், நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றிப் பாதுகாப்புத் தந்தது.

அச்சொல்லோ இன்றும் உயிரோடு இருக்கிறது, 1992ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின் 241ஆம் பிரிவிலே.