தேனீ நஞ்சு: எலிக்குப் பலித்தது, பெண்ணுக்கு?

ஈரானிய ஆய்வாளர்கள் சிலர் விஸ்டார் வகை எலிகளுக்குத் தேனீ நஞ்சை ஊசி வழியே ஏற்றிப் பார்த்து, 2012, 2013ஆம் ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்த எலிகளின் சினைப்பைகளில் நீர்க்கட்டிகள் குறைந்திருந்தன. அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதம் ரத்தத்தில் இறங்கியிருந்தது. முட்டை வெளியானதற்கு அடையாளமான மஞ்சள் உடலங்கள் தென்பட்டன. பிசிஓஎஸ் என்ற சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குத் தேனீக்கொட்டு நல்லது என்ற பேச்சுக்கு முதுகெலும்பு இந்த எலிகள்தாம்.

யோசனையை அபத்தம் என்று ஒதுக்கிவிட முடியாது. பிசிஓஎஸ் உள்ள பெண்களுக்கு சி-ரியாக்டிவ் புரதம் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு இருப்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் காட்டியிருக்கிறார்கள். உடலுக்குள் கனன்றுகொண்டே இருக்கும் இந்த அழற்சி, இன்சுலினையும் ஆண் ஹார்மோனையும் தாறுமாறாக்குவதில் பங்கு வகிக்கிறது. தேனீ நஞ்சின் உலர் எடையில் பாதியளவு மெலிட்டின் என்ற சிறு புரதம். குறைந்த அளவில் அது அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகளை அடக்குவது ஆய்வகங்களில் தெரிகிறது. அளவு கூடினால் அதே மெலிட்டின் செல்களின் சவ்வைக் கிழித்துவிடும்.

சிக்கல் எலியிடம் இருக்கிறது. அந்த எலிகளுக்கு எஸ்ட்ராடயால் வாலரேட் என்ற ஹார்மோனை ஒரே ஊசியாகப் போட்டு, 60 நாள் காத்திருந்து நோயை வரவழைத்தார்கள். கட்டிகள் வந்தன. ஆனால் பெண்களின் பிசிஓஎஸ் அப்படி ஓர் ஊசியில் வருவதில்லை. மரபணு, இன்சுலின் எதிர்ப்பு, ஆண் ஹார்மோன் மிகுதி என்று பல இழைகள் பின்னி வருவது அது. இன்சுலின் எதிர்ப்பையோ எடைக் கூடுதலையோ இந்த எலி மாதிரி சரியாகக் காட்டுவதில்லை. ஸ்கேனில் தெரியும் ‘கட்டிகள்’கூட உண்மையில் பாதியில் வளர்ச்சி நின்றுபோன முட்டைப் பைகள்தாம். 2003ஆம் ஆண்டின் ரோட்டர்டாம் வரையறைப்படி நோயை உறுதிசெய்ய மூன்று அறிகுறிகளில் இரண்டு இருந்தால் போதும். கட்டியே இல்லாமலும் பிசிஓஎஸ் இருக்கலாம். எலியின் கட்டி குறைந்ததை வைத்து நோய் குணமானதாகக் கொண்டாடுவது எப்படிச் சரி?

அளவுக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். எலிகளுக்குக் கொடுத்தது கிலோவுக்கு அரை மில்லிகிராம், 14 நாள் தொடர்ந்து, வயிற்றுக்குள் ஊசியாக. எலியின் அளவை மனித அளவாக்க மருந்தியலில் ஒரு உடற்பரப்புக் கணக்கு உண்டு. ஏறத்தாழ ஆறால் வகுக்க வேண்டும். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் வருகிறது. ஒரு கொட்டில் தேனீ இறக்குவது சுமார் 0.1 முதல் 0.15 மில்லிகிராம். ஆக, தினம் முப்பதுக்கும் மேற்பட்ட கொட்டுகள், இரண்டு வாரத்துக்கு. நாலைந்து கொட்டில் சரியாகிவிடும் என்பவர் இந்த எலி ஆய்வைச் சான்றாகக் காட்ட முடியாது. முப்பது கொட்டு கொடுக்கத் தயாராக இருப்பவரிடம் யாரும் போகக் கூடாது.

ஸ்பெயினில் 55 வயதுப் பெண் ஒருவர், உயிருள்ள தேனீயைக் கொட்டவைக்கும் சிகிச்சையை இரண்டு ஆண்டுகளாக எந்தத் தொல்லையும் இல்லாமல் எடுத்துவந்தார். ஒருநாள் கொட்டு வாங்கியதும் மூச்சு திணறியது, நினைவு தப்பியது. சில வாரங்களில் இறந்துபோனார். 2018இல் மருத்துவ இதழில் பதிவான நிகழ்வு இது. முன்பு பலமுறை தாங்கியது அடுத்த கொட்டுக்குக் காப்பீடு ஆகாது. ஒவ்வாமையின் குணமே அதுதான்.

நஞ்சு மருந்தாகவே ஆகாது என்று சொல்ல வரவில்லை. அமெரிக்கப் பாலைவனத்தின் கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியிடமிருந்து ஜான் எங் 1992இல் ஒரு ஹார்மோனைப் பிரித்தெடுத்தார். அதைச் செயற்கையாகத் தயாரித்து, அளவு நிர்ணயித்து, ஆயிரக்கணக்கானோரிடம் சோதித்து, 2005இல் எக்செனடைடு என்ற நீரிழிவு மருந்தாக அங்கீகரித்தார்கள். இன்று எல்லோரும் பேசும் எடைக்குறைப்பு ஊசிகளின் மூத்த அக்காள் அது. 2008இல் வெளியான ஆய்வு ஒன்றில், உடல் எடை கூடிய பிசிஓஎஸ் பெண்களுக்கு மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரையுடன் இதைச் சேர்த்துக் கொடுத்தபோது எடை இறங்கியது, மாதவிடாயும் சீரானது. பல்லியைக் கடிக்கவிட்டு யாரும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை.

தேனீப் பெட்டியைத் தேடிப் போகும் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. உலகில் பிசிஓஎஸ் உள்ளவர்களில் 70 சதவீதம் பேர்வரை நோய் கண்டறியப்படாமலே இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கண்டறியப்பட்டவர்களுக்கும் பெரும்பாலும் கிடைப்பது ‘வெயிட்டைக் குறை’, ‘கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்’ என்ற இரண்டு வாசகங்கள். குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு, முட்டை வெளியாகத் தூண்டும் மாத்திரைகளில் பழைய குளோமிஃபீனைவிட லெட்ரோசோல் மேலானது என்று 750 பெண்களிடம் நடந்த ஆய்வு 2014இலேயே காட்டிவிட்டது: குழந்தைப்பேறு 19.1 சதவீதத்துக்கு எதிராக 27.5 சதவீதம். மூன்று மாதத்துக்கு மேல் மாதவிடாய் வராமல் விட்டால் கருப்பை உட்சுவர் தடித்து, பின்னாளில் புற்றுநோய்வரை போகும் ஆபத்து உண்டு. அதைத் தடுக்கவும் மாத்திரைகள் இருக்கின்றன. இதையெல்லாம் உட்காரவைத்துச் சொல்ல மருத்துவருக்குப் பத்து நிமிடம் வேண்டும். அந்தப் பத்து நிமிடம் கிடைக்காத இடத்தில்தான் தேனீ நுழைகிறது.

நஞ்சில் நம்பிக்கை வைத்திருக்கும் ஆய்வாளர்கள் அடுத்துச் செய்ய வேண்டியது சிக்கலானதல்ல. முழு நஞ்சை விட்டுவிட்டு அதன் கூறுகளைத் தனித்தனியே எடுக்கட்டும். இன்சுலின் எதிர்ப்பும் ஆண் ஹார்மோனும் கூடிய எலிகளில் சோதிக்கட்டும். பக்கத்திலேயே மெட்ஃபார்மின் கொடுத்த எலிகளையும் வைத்து ஒப்பிடட்டும். அதில் தேறினால் மனிதரில் முதல் கட்டச் சோதனைக்கு அனுமதி கேட்கலாம்.