கல்லைக் கொண்டு சென்றனர். குழியை விட்டுச் சென்றனர்

நிலத்துக்கடியில் செல்வம் உண்டு என்று கேள்வியுற்றால் மகிழாத கமக்காரன் இல்லை. அதற்குக் கணக்குப் போடாத முதலாளியும் இல்லை. ஆனால், அச்செல்வத்தை அகழ்ந்தெடுத்த பின்னர் எஞ்சும் குழியைப் பற்றி எண்ணுவோர் எத்தனை பேர்? அது யாருடைய வாசலிற் கிடக்கும்? அதிற் சேரும் நீர் யாருடைய கிணற்றிற் கலக்கும்? ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் வாழும் நம் மக்கள் இவ்வினாக்களை இன்றே கேட்டாக வேண்டும். காங்கேசன்துறையிற் கைவிடப்பட்டுக் கிடக்கும் சுண்ணக்கல் அகழ்குழிகள் அதற்கான காரணத்தைச் சொல்லும்.

முதலில், நம் காலடியில் இருப்பது யாது என்பதை அறிந்துகொள்வோம். இலங்கைத் தீவின் மிகப் பெரும் பகுதி 54 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட பழம்பாறையால் ஆனது. இரத்தினபுரியின் மணிகளும், போகல, ககட்டகக சுரங்கங்களின் காரீயமும் அப்பாறை தந்தவை. காரீயம் என்ற பெயர் கண்டு அதனை ஈயம் என மயங்குதல் வேண்டா. அது கரியின் ஒரு வடிவமே. இத்தீவின் கனியங்களை முறையாக ஆராயும் பணி 1903இல் தொடங்கப்பட்டபோது அதற்குத் தலைமை தாங்கியவர், ஈழத்துத் தமிழ்க் குடும்பத்து மைந்தரான கலாநிதி ஆனந்த குமாரசாமி என்பது நாம் பெருமையுடன் நினைவுகூரத்தக்கது. பின்னர் தோரியனைட்டு என்னும் புதிய கனியமாக அறியப்பட்டதை 1904இல் முதலில் விவரித்தவரும் அவரே.

யாழ்ப்பாணக் குடாநாடும் தீவுகளும் அப்பழம்பாறையின் மேல், பிற்காலத்திற் படிந்த வேறொரு பாறையைப் போர்த்திக்கொண்டிருக்கின்றன. மயோசின் எனப்படும் காலத்தில், அதாவது ஏறக்குறைய 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கும் 50 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், இங்கிருந்த ஆழமற்ற வெங்கடலில் வாழ்ந்து மடிந்த உயிர்களின் ஓடுகளும் முருகைகளும் படிந்து இறுகியதே நமது சுண்ணக்கல். நெடுந்தீவின் காணிகளைப் பிரிக்கும் கல்வேலிகளை உற்று நோக்குவோர் அப்பழங்கடலின் உயிர்ச்சுவடுகளை இன்றும் காணலாம்.

உலகின் வேறு பல இடங்களிற் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் உப்புச் செறிந்த வெந்நீர் புகுந்து ஈயத்தையும் துத்தநாகத்தையும் படியவிட்டதுண்டு. ஈயத்தின் தாதுவான கலீனாவுக்குள் வெள்ளியும் ஒளிந்திருப்பதுண்டு. அத்தகைய படிவு எதுவும் நமது சுண்ணக்கல்லில் அறியப்படவில்லை. அப்படியாயின் நாம் வறியவரா? அல்லவே அல்ல! வெள்ளியினும் விலைமிக்க ஒன்றை இக்கல் தன் வயிற்றுட் காத்து வைத்திருக்கின்றது. அதுதான் தண்ணீர்.

ஆறு பாயாத நாடு நமது நாடு. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்யும் மழை, சுண்ணக்கல்லின் துளைகள் வழியே கீழிறங்கித் தேங்குகின்றது. சுற்றிலும் கடல், அடியிலும் உப்புநீர். அவ்வுப்புநீரின் மேல், பாரங் குறைந்த நன்னீர் ஒரு வில்லையைப் போல மிதக்கின்றது. இதன் கணக்கை 1888இல் ஒல்லாந்தரான கெய்பனும், 1901இல் ஜேர்மானியரான ஹெர்ஸ்பேர்க்கும் தனித்தனியே கண்டுரைத்தனர். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும். இது இலாபக் கணக்கு. இதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள்! மேலே 1 அடி தாழ்ந்தால், கீழிருந்து உப்புநீர் 40 அடி மேலேறும். அகன்ற வலிகாமத்திலேயே இந்நிலை என்றால், ஒடுங்கிய தீவுகளின் நிலை என்னவாகும்? நெடுந்தீவு மக்கள் சாராப்பிட்டிக் கிணறுகளையும், வேலணைத் தீவினர் சாட்டியின் நன்னீரையும் உயிர்போலப் போற்றுவது வீணாகவன்று.

இனிக் காங்கேசன்துறைக்கு வருவோம். ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக விளங்கிய காலத்தில், 1950இல், அங்குச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. நிலத்துச் சுண்ணக்கல்லும், முருங்கனிலிருந்து புகையிரதத்தில் வந்த களிமண்ணும் ஏறக்குறைய 1,450 பாகை வெப்பத்திற் சுட்டெடுக்கப்பட்டன. அத்தொழிற்சாலை நம்மவர் பல்லாயிரவருக்குச் சோறிட்டது. நாட்டின் அணைகளுக்கும் பாலங்களுக்கும் மாளிகைகளுக்கும் வலுவூட்டியது. காலிச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு வேண்டிய கிளிங்கரும் இங்கிருந்தே சென்றது. இவற்றை மறுப்பது நன்றி மறத்தலாகும்.

ஆயினும், மறுபக்கக் கணக்கையும் பார்த்தல் வேண்டாமா? தூய சுண்ணக்கல் 100 தொன் சூளைக்குட் சென்றால் 56 தொன் சுண்ணாம்பே எஞ்சும். 44 தொன் கரியமில வாயுவாகிக் காற்றோடு போய்விடும். போன கல் மீளாது. நெல் அறுத்த வயல் அடுத்த மழைக்கு மீண்டும் விளையும். கல் அகழ்ந்த நிலம் 2 கோடி ஆண்டு காத்திருந்தாலன்றி விளையாது. 1990இற் போர் மூண்டு தொழிற்சாலை ஓய்ந்தது. அப்பகுதி பல்லாண்டுகள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடைபட்டுக் கிடந்தது. கல் ஊர் ஊராகப் போய்க் கட்டடமாயிற்று. குழி மட்டும் வலிகாமம் வடக்கிலேயே நின்றுவிட்டது! நிலத்தடி நீர் வெயிலுக்கு வாய்திறந்து நிற்கும் இடமாக அது மாறியது. கல்லுக்குட் பாதுகாப்பாயிருந்த நீர் அங்கு ஆவியாகின்றது. எவ்வழுக்கும் தடையின்றி உள்ளே இறங்க வழி பிறக்கின்றது.

கைவிடப்பட்ட சுரங்கம் அயலவர்க்கு என்ன செய்யும் என்பதை அறிய ஆபிரிக்காவைப் பார்ப்போம். சாம்பியாவின் கப்வே நகரில், சுண்ணக்கல்லின் உடன்பிறப்பான தொலமைட்டுப் பாறையில், ஈயமும் துத்தநாகமும் வெள்ளியும் கிடைத்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1994 வரை அவை அகழப்பட்டன. அகழ்ந்தோர் போயினர், கழிவுமேடு நின்றது. அங்குப் புழுதியில் விளையாடும் குழந்தைகளின் குருதியில் இன்றும் ஈய நஞ்சு காணப்படுகின்றது. நமது குழியில் ஈயம் இல்லை என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால், அறம் ஒன்றே: இலாபம் வெளியே சென்று, இழப்பு மட்டும் ஊரில் தங்குவது நீதியாகுமா?

நமது கல் அழுக்கை வடிகட்டித் தராது, வழிவிட்டு அனுப்பும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த கொடுமை அதனைக் காட்டியது. 2019இல் உயர் நீதிமன்றம் அவ்வழக்கில் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு கட்டளையிட்டது. கேடு விளைத்தவனே ஈடு செலுத்த வேண்டும் என்னும் நெறி அங்கு நிலைநாட்டப்பட்டது. அந்நெறி கல் அகழ்வோருக்கும் பொருந்தாதா எனக் கேட்கின்றோம்.

1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்க, கனியச் சட்டத்தின்படி, நிலம் யாருடையதாயினும் அதிலுள்ள கனியம் அரசுக்குரியது. உறுதி நம் பெட்டியில். உள்ளிருக்கும் கல்லோ அரசின் கையில்! உரிமை அரசுக்கு என்றால், குழியின் பொறுப்பும் அரசுக்கே அன்றோ? அனுமதி வழங்கும் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகம் இதற்கு விடை கூறட்டும்.

“தொழில் வேண்டாவா? நம் இளைஞர் கடல் கடந்து போவது போதாதா?” என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. தொழில் வேண்டும்; அதனை நாம் எதிர்க்கவில்லை. காங்கேசன்துறைத் தொழிற்சாலைக்கு மீண்டும் உயிரூட்டும் பேச்சு அவ்வப்போது எழுகின்றது. கல்லை வெளியிலிருந்து தருவித்து இங்கு அரைப்பதும் ஒரு வழியே. எவ்வழியாயினும், நம் மக்கள் நான்கு நிபந்தனைகளை முன்வைத்தல் வேண்டும்.

முதலாவது, நிலத்தடி நீர் மட்டத்துக்குக் கீழே ஒரு சாண் கல்லும் அகழப்படலாகாது. இரண்டாவது, குழியைச் சீர்செய்வதற்கான பணம் முதற் கல் பெயர்க்கப்படுமுன்னரே வைப்பிலிடப்பட வேண்டும். மூன்றாவது, அயற்கிணறுகளின் உப்பளவு மாதந்தோறும் அளக்கப்பட்டு, பிரதேச சபை வாயிலிலே தமிழில் ஒட்டப்பட வேண்டும். நான்காவது, தீவுகளிற் கல்லகழ்வுக்கும், மண்கும்பான், அல்லைப்பிட்டி, சாட்டி மணற்பரப்புகளில் மணல் அள்ளுதலுக்கும் முற்றான தடை வேண்டும். மழைநீரைத் தாங்கி நிற்கும் அம்மணலும் நமக்குச் சுண்ணக்கல்லைப் போன்றதே.

பழைய குழிகளை என் செய்வது? நீரியலறிஞரைக் கொண்டு முதலில் அளந்தறிய வேண்டும். குப்பை கொட்டும் இடமாக அவை ஒருபோதும் ஆகக்கூடாது. இயலுமிடத்து மாரி வெள்ளத்தைத் தெளியவைத்து உள்ளிறக்கும் நீர்த்தேக்கங்களாக அவற்றை ஆக்கலாம்.

தாழையடியில் 2024இல் திறக்கப்பட்ட நிலையம் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரைக் குடிநீராக்க வல்லது. அதற்கு எத்துணைப் பொருளும் மின்சாரமும் வேண்டும்! அப்பணியைக் கூலி கேளாமல், இரவு பகலாய், பாட்டன் காலந்தொட்டு நமக்குச் செய்து வருவது இந்தச் சுண்ணக்கல். அதனைத் தொன் கணக்கில் விற்றுவிட்டுத் தண்ணீரைப் போத்தற் கணக்கில் வாங்குவது அறிவுடைமையாகுமா?

பொறியியலாளரே, சட்டத்தரணிகளே, ஆசிரியரே! கணக்கைக் கேளுங்கள். கமக்காரரே! உங்கள் கிணற்று நீரை நாவில் வைத்துப் பாருங்கள். அது உவர்க்கத் தொடங்கிய பின் எழுதப்படும் எந்த மனுவும் அதனை மீண்டும் இனிக்கச் செய்யாது.