தோள்வாரில் ஒரு கமரா

சிவனொளிபாத மலை யாத்திரை டிசம்பர்ப் பௌர்ணமியிலே தொடங்கி வெசாக் வரை நீடிப்பது. மலையின் உயரம் 2243 மீற்றர். நல்லதண்ணி வழியே 5000க்கும் அதிகமான படிகள். முன்னொரு முறை நாம் இறங்குகையில், கைப்பேசியாற் படம் பிடித்தவாறே வந்த இளைஞர் ஒருவர் கால் இடறினார். கைப்பிடிக் கம்பி எட்டியதால் தப்பினார். மலையிலே இரு கைகளும் வேண்டும் என்பதை அன்று உணர்ந்தோம்.

படமெடுக்க விரும்புவோர், உள்ளங்கையில் அடங்கும் சிறு கமராவை முதுகுப்பையின் தோள்வாரிலே கிளிப்பினாற் பொருத்திக்கொள்ளலாம். அது நெஞ்சுயரத்தில் இருத்தல் நன்று. வார் தளர்ந்தால் அடிதோறும் படம் ஆடும். ஆகவே மார்பின் குறுக்கே செல்லும் பட்டியையும் பூட்டி இறுக்குக. ஏறும்போது உடல் முன்சாய்வதால் கமரா படிகளையே நோக்கும். அதனைச் சற்று மேல்நோக்கித் திருப்புக. இறங்கும்போது உடல் நிமிரும். அப்போது சற்றுத் தாழ்த்துக. கிளிப் கழன்றாலும் கமரா பள்ளத்தில் வீழாதிருக்க, மெல்லிய கயிற்றால் வாருடன் பிணைத்தல் அவசியம்.

நள்ளிரவில் ஏறுவோர் அதனை நிறுத்தியே வைக்கலாம். இருளில் படம் தெளிவாக அமையாது. குளிரில் பற்றரியும் விரைவிற் சோரும். விடிந்தபின் இறங்கும்போது இயக்கினாற் போதும். புனித பாதத்தருகிலும் பிறர் வணங்குமிடத்தும் நிறுத்துதலே பண்பு.

படத்தை வீடு திரும்பிப் பார்ப்போம். மலையில் நிற்கும்வரை ஒரு கை கம்பியிலும், மறு கை பிள்ளையின் கையிலும் இருக்கட்டும்.